செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்று கிளாஸ், மாதம் 11,400 ரூபாய்: எதை நிறுத்துவது?

ஸ்கூட்டி_அம்மா_திருச்சி

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கே.கே.நகரில் இருக்கிறோம். பெண் ஐந்தாம் வகுப்பு, பையன் இரண்டாம் வகுப்பு. நான் ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன், வீட்டுக்காரருக்குத் திருவெறும்பூர் பக்கம் ஷிப்ட் வேலை. இரண்டு சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது 82,000. அதில் வீட்டுக் கடன் 24,000 முதல் தேதியே போய்விடும். ஸ்கூல் ஃபீஸ், வேன், மாமியார் மருந்து எல்லாம் போக மிச்சத்தில்தான் இந்தக் கதை.

போன ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன், எழுதாமலே இருந்திருக்கலாம். பெண்ணுக்கு பரதம் 1,500, இந்தி 600, கீபோர்டு 1,800. பையனுக்கு ஸ்கேட்டிங் 1,500, ஆன்லைன் செஸ் 2,500, அபாகஸ் 1,500. ஃபீஸ் மட்டும் 9,400. கொண்டுபோய் விட்டுக் கூட்டி வர பெட்ரோல் 1,200, அவர் மதிய பி ஷிப்டில் இருக்கும் வாரங்களில் ஆட்டோ 800. ஆக 11,400. ஸ்கேட்டிங் ஷூ 7,500க்கு வாங்கினோம், ஏழு மாதத்தில் கால் வளர்ந்துவிட்டது. கீபோர்டு 12,000. டான்ஸ் ஆண்டு விழாவுக்கு உடை வாடகை, மேக்கப் என்று 2,200. இதையெல்லாம் நோட்டில் எழுதவே இல்லை.

பணம்கூட இரண்டாம் பட்சம். செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன் கேளுங்கள். அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு வந்து, 4.45க்கு ஸ்கேட்டிங், அது முடிந்ததும் தில்லைநகருக்கு டான்ஸ் கிளாஸ், 7.30க்கு வீட்டில் ஆன்லைன் செஸ். ஸ்கூட்டியில் முன்னால் பையன் நிற்பான், காலுக்கு நடுவில் ஸ்கேட்டிங் பை, பின்னால் டான்ஸ் புடவையோடு பெண். கோர்ட் ரவுண்டானாவில் சிக்னல் விழுந்தால் அந்த இடைவெளியில் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு சப்பாத்தி ரோல். போன வாரம் டான்ஸ் கிளாஸ் திண்ணையில் அவளுக்காகக் காத்திருக்கும்போது பையன் செருப்பு ஸ்டாண்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். எழுப்பி, வீட்டுக்குக் கொண்டுவந்து, முகம் கழுவி, செஸ் கிளாஸில் உட்கார வைத்தேன். அந்த சார் "குதிரை எங்கே போகும்?" என்று கேட்டதற்கு "வீட்டுக்கு" என்றான். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மாமியார் "உங்க வீட்டுக்காரன் எந்த கிளாஸ் போய் இவ்வளவு பெரியவனானான்" என்கிறார். அலுவலகத் தோழியோ இதோடு ரோபாட்டிக்ஸும் சேர்க்கச் சொல்கிறாள். அபாகஸில் அடுத்த லெவலுக்கு 4,500 அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது, நிறுத்தினால் திருப்பித் தர மாட்டார்களாம். எதை நிறுத்துவது? நடுவில் நிறுத்தினால் "எதையும் முடிக்காத பிள்ளை" ஆகிவிடுமா? இந்தச் சான்றிதழ்களால் பின்னால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

64_கட்டம்

வேளச்சேரியிலிருந்து ஒரு செஸ் அப்பா. குதிரை வீட்டுக்குப் போன இடத்தில் நானும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

செஸ் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரியும். 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை ஜெயித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆனார் இல்லையா, அதற்கடுத்த மாதம் எங்கள் தெருவில் மட்டும் இரண்டு புது செஸ் கிளாஸ் போர்டு. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதையில் எல்லோரும் தாண்டிப் போகிற பாதி ஒன்று இருக்கிறது. குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். பையனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் தொழிலை ஒதுக்கி வைத்தவர். அம்மா சம்பளத்தில் வீடு ஓடியது, அதுவும் பத்தாமல் நண்பர்கள் கைகொடுத்தார்கள். பையன் நாலாம் வகுப்புக்கு அப்புறம் முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை. பிரக்ஞானந்தா வீட்டில் அம்மா ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போனார். அந்த வீட்டில் செஸ் ஆரம்பித்ததே அக்கா வைஷாலி டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான் என்பார்கள். வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர் ஆனார், தம்பியும் ஆனார். நம் வீட்டில் டிவி மட்டும் குறைந்தது, அதுவும் கொஞ்ச நாளைக்கு.

என் பெண்ணுக்கு இப்போது 12. கிளாஸ் ஃபீஸை நான் ஒரு செலவாகவே நினைப்பதில்லை. போட்டிதான் செலவு. போன மே மாதம் சேலத்தில் ஒரு ரேட்டிங் போட்டி (ஆட்டத்துக்கு ஏற்ப தரப் புள்ளி ஏறும், இறங்கும்), ஒன்பது சுற்று, நான்கு நாள். என்ட்ரி 2,500, ரயில் போக வர இரண்டு பேருக்கு 1,600, ரூம் மூன்று ராத்திரி 4,200, சாப்பாடு 3,000. கூட்டினால் 11,300, கிட்டத்தட்ட உங்கள் ஒரு மாதக் கணக்கு. எனக்கு லீவு தனி. அதற்குக் கிடைத்தது ரேட்டிங்கில் 22 பாயின்ட் இறக்கம், ஒரு கீ செயின். உலக செஸ் அமைப்பான ஃபிடே 2024 மார்ச்சிலிருந்து குறைந்தபட்ச ரேட்டிங்கையே 1400 ஆக்கிவிட்டது. முதலில் ரேட்டிங் வாங்குவதே கொஞ்சம் பாடு. வாங்கினால் அதைக் காப்பாற்றப் போட்டிக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அப்பாமார்கள் ஹாலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொள்வோம், "சும்மா ஜாலிக்குத்தான் கூட்டி வர்றேன்" என்று.

அப்படியும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். அந்த சேலம் போட்டியில் ஏழாவது சுற்று, ஜெயிக்க வேண்டிய ஆட்டம், அவசரப்பட்டு ராணியை எடுக்கப் போய்த் தொட்டுவிட்டாள். தொட்டால் ஆடித்தான் ஆக வேண்டும். யாரும் பார்க்கவில்லை, எதிரில் இருந்த பையன்கூடத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தானாம். இவள் அதே ராணியை நகர்த்தித் தோற்று, கை கொடுத்து, ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து குழாயடியில் ரொம்ப நேரம் முகம் கழுவினாள். ராத்திரி ரூமில்தான் என்னிடம் சொன்னாள். அதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பையனுக்கு வயது ஏழு. மாதம் 2,500 வேண்டவே வேண்டாம். லீசெஸ் (Lichess) என்ற செஸ் ஆடும் இணையதளம் முழுக்க இலவசம், விளம்பரம்கூடக் கிடையாது. வீட்டில் ஒரு போர்டு வாங்கி நீங்களோ வீட்டுக்காரரோ அவனோடு ஆடுங்கள். அவனாகப் போர்டை எடுத்துப் போட்டு "வா ஆடலாம்" என்று நச்சரித்தால் அப்போது சார் தேடலாம்.

பழைய_ரெமிங்டன்

புதுக்கோட்டை மாவட்டம். எங்கள் காலத்து எக்ஸ்ட்ரா கரிகுலர் என்ன தெரியுமா? பத்தாவது லீவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். மாதம் 150 ரூபாய். தகரக் கூரை, இருபது மிஷின், எல்லாம் சேர்ந்து அடிக்கும்போது மழை பெய்கிற மாதிரி இருக்கும். முதல் ஒரு வாரம் "ஏ எஸ் டி எஃப்" தவிர வேறு எழுத்தே கிடையாது. சுண்டு விரல் இரண்டு கட்டைக்கு நடுவில் மாட்டி நகம் பெயர்ந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

நான் சொல்ல வருவது பழம்பெருமை இல்லை, கணக்கு. இங்கிலீஷ் ஜூனியர், சீனியர், தமிழ் ஜூனியர், சீனியர், நாலும் பாஸ் பண்ண எனக்கு மொத்தமாக ஆன செலவு ஒரு ஸ்கேட்டிங் ஷூவுக்குள் அடங்கிவிடும். ஜூனியர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை, சீனியர் என்றால் 45, இதில் ஏமாற்ற வழியே கிடையாது. குரூப் 4 எழுதி டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். டைப்பிஸ்ட் போஸ்ட்டுக்கு இரண்டு மொழியிலும் சீனியர், இல்லாவிட்டால் ஒன்றில் சீனியர் மற்றதில் ஜூனியர் கட்டாயம் வேண்டும். அந்த நாலு தாள்தான் இன்றைக்கு என் வீட்டு அரிசி.

ஆகவே அம்மா, எந்த கிளாஸாக இருந்தாலும் "இந்தச் சான்றிதழை எந்தக் கவுன்டரில் நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள்?" என்று கேளுங்கள். அபாகஸ் எட்டு லெவல் முடித்த ஷீல்டை எந்தக் கவுன்டரில் நீட்டுவீர்கள்? எங்கள் அக்கா பையன் வீட்டில் ஷோகேஸ் முழுக்க "இன்டர்நேஷனல் சாம்பியன்" கோப்பை. ஒன்பதாவதில் கணக்கில் 41. கால்குலேட்டர் மாதிரி கூட்டுகிறான், அல்ஜீப்ரா வரவில்லை.

தெரு_கிரிக்கெட்

எல்லாத்தையும் நிறுத்துங்க. பிள்ளைகளைத் தெருவில் விடுங்க. நாங்க அப்படித்தான் வளர்ந்தோம். இதெல்லாம் அம்மாக்களுக்குள் நடக்கிற போட்டி, பிள்ளைங்க பேரைச் சொல்லி.

தெய்யாதெய்

@தெரு_கிரிக்கெட் எந்தத் தெருவில் விடுவது தம்பி? இரண்டு பக்கமும் கார் நிற்கிற தெருவில், பெண் பிள்ளையை, ஆறு மணிக்கு மேல்? நீங்கள் விளையாடிய தெருவில் இப்போது போய் ஒரு ஓவர் போட்டுப் பாருங்கள். அப்புறம், அம்மாக்கள் போட்டி என்கிறீர்கள். அந்தப் பதிவில் ஸ்கூட்டி ஓட்டுவது யார், பர்மிஷன் போடுவது யார், சப்பாத்தி சுருட்டுவது யார் என்று இன்னொரு தடவை படியுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கும்பகோணத்தில் 19 வருடமாக பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். என் பிழைப்பே உங்கள் 1,500 ரூபாயில்தான் என்பதால் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

டீச்சர்கள் முதலில் சொல்லாத ஒன்று இருக்கிறது. மாத ஃபீஸ் பெரிய செலவே இல்லை. அடவெல்லாம் (அடிப்படை அசைவுகள்) முடிந்து உருப்படிகள் (முழு நடனங்கள்) வந்ததும் சலங்கை பூஜை, அப்புறம் அரங்கேற்றம். போன வருடம் என் மாணவி ஒருத்திக்கு அரங்கேற்றம் நடந்தது. ஆடம்பரம் இல்லாமல்தான் செய்தோம். பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் எல்லோருக்கும் ஒத்திகையோடு சேர்த்து 75,000. ஹால் 40,000. உடை மூன்று செட் தைக்க 45,000. நகை, மேக்கப் 25,000. போட்டோ, வீடியோ 35,000. பத்திரிகை, 250 பேருக்குச் சாப்பாடு 90,000. மொத்தம் 3,10,000. என் தட்சிணையை இங்கே எழுத மாட்டேன், அதற்கு என் கூச்சம் மட்டும் காரணமில்லை, எனக்குத் தெரிந்த பெற்றோரும் இதைப் படிப்பார்கள். இதைவிடப் பாதியில் கோயில் மண்டபத்தில் முடித்தவர்களும் உண்டு, கல்யாணச் செலவு செய்தவர்களும் உண்டு. ஆகவே உங்கள் பெண்ணின் டீச்சரிடம் இப்போதே நேராகக் கேளுங்கள், "மேடம், அரங்கேற்றம் செய்யாமலே தொடர்ந்து கற்றுக்கொள்ளலாமா?" என்று. அந்தக் கேள்விக்கு முகம் சுருங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

இன்னொன்று. பிள்ளைக்கு இது வேண்டுமா வேண்டாமா என்று கிளாஸில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பத்துப் பேர் ஆடும்போது எல்லாப் பிள்ளையும் ஆடும். வீட்டில், யாரும் சொல்லாமல், சமையலறை வாசலில் நின்று பேசிக்கொண்டே காலால் தட்டடவு போடுகிறாளா? பல் தேய்க்கும்போது கை முத்திரை பிடிக்கிறதா? அப்படி இருந்தால் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். இல்லையென்றால் ஒரு வருடம் நிறுத்திப் பாருங்கள், ஒன்றும் குடிமுழுகாது. என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் "போர்டு எக்ஸாம்" என்று நின்றுபோன பிள்ளைகளில் மூன்று பேர் கல்யாணம் ஆகி, ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, திரும்பி வந்து முட்டியை மடக்கி அரைமண்டி உட்கார்ந்தார்கள். முட்டி வலிக்கிறது என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். நிறுத்தியதால் போய்விடவில்லை.

செலவு தாங்காதவர்களுக்கு ஒரு வழி, பலருக்குத் தெரிவதில்லை. அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை பாட்டு, பரதம், ஓவியம் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள், வருடத்துக்கே சில நூறு ரூபாய்தான். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்று வருடச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, பரதம், வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் உண்டு. @பழைய_ரெமிங்டன் சார், உங்கள் கவுன்டரில் நீட்டுவதற்கு அரசு முத்திரையோடு தாளும் தருவார்கள்.

பழைய_ரெமிங்டன்

டீச்சர் குத்தியது புரிகிறது. ஒன்று ஒத்துக்கொள்கிறேன். சின்ன வயதில் எங்கள் ஊர்த் திருவிழாவில் தவில்காரர் பக்கத்திலேயே நிற்பேன், விரலில் கூடு மாட்டுவதை வாயைப் பிளந்து பார்ப்பேன். எங்கே போய்க் கற்றுக்கொள்வது, யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று கேட்கக்கூடத் தெரியாத வீடு. இப்போதும் ஆபீஸில் கோப்பு வரும்வரை மேஜையில் தட்டிக்கொண்டிருப்பேன், பக்கத்து சீட் அம்மா திட்டுவார். 48 வயதுக்காரனைச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டால் சிரிப்பீர்கள்.

லேன்_நாலு

மதுரை. என் பையன் ஒன்பதாவது, நீச்சல். சான்றிதழால் பயன் உண்டா என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் நான் அதில் நன்றாகவே ஏமாந்திருக்கிறேன்.

விளையாட்டில் பயன் உண்டு, ஆனால் வாசல் மிகச் சின்னது. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, சிலம்பம்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2024-25லிருந்து ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடம் விளையாட்டு வீரர்களுக்கு வைத்திருக்கிறது, அதில் ஒன்று பெண்களுக்கு மட்டும். அடுத்த வருடம் கலைக்கும் இதே மாதிரி இரண்டு இடம் வந்தது. வாட்ஸ்அப்பில் இதைப் பார்த்ததும் எங்கள் நீச்சல் குளத்து கேலரியில் எல்லா அப்பாக்களும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அப்புறம்தான் கீழே படித்தோம், ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதி ரேங்க் பட்டியலில் வந்திருக்க வேண்டும். அதாவது நீந்தினால் போதாது, நீந்திக்கொண்டே ஜே.இ.இ. தேறவும் வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நம் யோசனை தேவைப்படாது.

எந்தச் சான்றிதழ் என்பதுதான் முக்கியம். என் பையன் எட்டு வயதில் ஸ்கேட்டிங் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மால் பார்க்கிங்கில் "நேஷனல் லெவல்" போட்டி. என்ட்ரி 1,200, டி ஷர்ட் 500. அவன் பிரிவில் ஓடியது மூன்றே பேர், மூன்று பேருக்கும் பதக்கம். வெண்கலம் வாங்கி வந்தான், ஸ்டேட்டஸ் போட்டேன், 86 பேர் வாழ்த்து. பின்னால் பள்ளி மாற்றும்போது அதை ஸ்போர்ட்ஸ் அட்மிஷனுக்குக் கொடுத்தால் பி.டி. சார் புரட்டிக்கூடப் பார்க்காமல், "இது அங்கீகாரம் உள்ள சங்கம் நடத்தினதா சார்?" என்றார். அவ்வளவுதான். பதக்கம் இப்போது எங்கள் பீரோ சாவியில் தொங்குகிறது, வெயிட்டாக இருப்பதால் தொலையாது.

நீச்சல் காசு கம்மி என்று நினைக்காதீர்கள். அரசு விளையாட்டரங்கக் குளத்தில் கட்டணம் கம்மிதான். ஆனால் காலை 4.50க்கு அலாரம், வாரம் ஆறு நாள். நாலரை வருடமாக நானும் என் மனைவியும் சேர்ந்து ஒரு ராத்திரி சினிமா பார்த்ததில்லை. சின்ன பெண் எங்களோடு வந்து கேலரியில் ஹோம்வொர்க் எழுதுவாள், அவள் நோட்டெல்லாம் குளோரின் வாசனை. ஒரு நாள் அவள் கேட்டாள், "அப்பா, எனக்கு எந்த கிளாஸ்?" நான் உனக்கு என்ன வேண்டும் என்றேன். "எதுவும் வேண்டாம், நான் தூங்கட்டுமா?" என்றாள். அண்ணனுக்காக இவள் கொடுத்த விலை எந்தக் கணக்கிலும் வராது. உங்கள் பையன் செருப்பு ஸ்டாண்டில் தூங்கினான் என்று படித்ததும் அந்த ஞாபகம்தான் வந்தது. அவன் அன்றைக்குத் தன் கிளாஸுக்காகக் களைக்கவில்லை, அக்கா கிளாஸுக்காகக் களைத்தான்.

ஆகவே ஒரு நாளில் ஒரு கிளாஸ், அதுவும் வீட்டுக்கு அருகில். நல்ல சார் தூரத்தில் இருந்து, சுமாரான சார் அடுத்த தெருவில் இருந்தால், இந்த வயதில் அடுத்த தெருதான் நல்லது. நீச்சல் ஒன்று மட்டும் விதிவிலக்கு. எப்படியாவது ஒரு கோடை லீவில் நீந்தக் கற்றுக்கொடுத்துவிடுங்கள், திருச்சியில் காவிரியும் கொள்ளிடமும் இருக்கின்றன. அது சான்றிதழுக்கு இல்லை.

தெரு_கிரிக்கெட்

@தெய்யாதெய் சரி டீச்சர், ஸ்கூட்டி விஷயம் நியாயம்தான். ஆனா அவங்க வீட்டுக்காரர் ஏ ஷிப்டில் இருக்கிற வாரம் மூணு மணிக்கே வீட்டுக்கு வந்துடுவார் இல்ல? அவர் ஏன் கூட்டிட்டுப் போகலை?

ஸ்கூட்டி_அம்மா_திருச்சி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. @தெரு_கிரிக்கெட் உங்கள் கடைசிக் கேள்வியை அப்படியே போனில் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, அடுத்த வாரம் ஸ்கேட்டிங்குக்கு அவரே கூட்டிப் போனார். போய்விட்டு வந்து முதலில் சொன்னது "அங்கே உட்காரக்கூட இடம் இல்லையே, ஒரு மணி நேரம் எப்படி நிற்கிறே?" என்று. இரண்டு வருடமாக நிற்கிறேன் என்றேன்.

என்ன செய்தோம் என்றால், அபாகஸ் நிறுத்தியாகிவிட்டது. 4,500 போனது போனதுதான், கேட்டதற்கு "வேண்டுமானால் வேறு பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள், அதில் கழித்துக்கொள்கிறோம்" என்றார்கள், யார் தலையில் கட்டுவது? செஸ் கிளாஸும் நிறுத்தினோம். போர்டு வாங்கியிருக்கிறோம், அப்பாவும் பையனும் ஆடுகிறார்கள், இருவருக்குமே ஒழுங்காகத் தெரியாது, அதனால் சண்டை சமமாக இருக்கிறது. கீபோர்டு பெண்ணுக்குப் பிடிக்கவே இல்லையாம், நான் சின்ன வயதில் ஆசைப்பட்டதாம், அவளே சொல்கிறாள், அதையும் நிறுத்தியாகிவிட்டது.

ஆச்சரியம் இந்தியில்தான். முதலில் வெட்ட வேண்டியது இந்தி என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்தி சபாவின் ஆரம்பத் தேர்வான பிராத்மிக் முடித்தாள், போதும், ஸ்கூலில் வேறு இருக்கிறது என்று. அவள் "டான்ஸை வேணா விடறேன், இந்தியை மட்டும் விட மாட்டேன்" என்று அழுகிறாள். மேல்நிலைத் தேர்வான பிரவீன் வரை எழுதும் ஆசையோ என்று நான்கூடப் பெருமைப்பட்டேன். விசாரித்தால், இந்தி அக்கா வீட்டில் ஒரு பூனை இருக்கிறது, அது ஐந்து குட்டி போட்டிருக்கிறது. கிளாஸ் முடிந்து அந்த அக்கா சமையல் பார்க்கப் போய்விடுவாராம், ஆறு பெண் பிள்ளைகளும் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார்களாம். யாரும் அவர்களை ஒன்றும் கேட்க மாட்டார்களாம். வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் அவளுக்குப் பிடித்த நேரமாம். 600 ரூபாய், தொடரட்டும் என்று விட்டுவிட்டேன்.

டான்ஸ் பற்றி டீச்சர் சொன்ன மாதிரி ஒரு வாரம் ஒளிந்து பார்த்தேன். பல் தேய்க்கும்போது ஒன்றும் இல்லை. ஆனால் லிஃப்டுக்கு நிற்கும்போது கால் தட்டுகிறது. அதனால் டான்ஸும் இருக்கிறது, அரங்கேற்றம் பற்றி அவள் மேடத்திடம் கேட்டேன், முகம் சுருங்கவில்லை, "முதல்ல அரைமண்டி ஒழுங்கா உட்காரட்டும்" என்றார். இப்போது டான்ஸ் 1,500, இந்தி 600, ஸ்கேட்டிங் 1,500, பெட்ரோல் 700, மொத்தம் 4,300. ஸ்கேட்டிங் மால் போட்டிக்கு மட்டும் போவதில்லை. ஸ்கேட்டிங்கைச் செவ்வாயிலிருந்து வேறு நாளுக்கு மாற்றியாகிவிட்டது.

போன செவ்வாய் டான்ஸ் முடிந்து ஏழரைக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். பையன் கூடத்தில் நின்று "இப்ப எங்க போகணும்?" என்று கேட்டான். எங்கேயும் இல்லை என்றேன். நம்பவில்லை, செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

அப்புறம் ஒன்று. அபாகஸ் ஃப்ரேம் இரண்டு, மூன்று லெவல் புத்தகம் (பாதி எழுதியது) சும்மா கிடக்கிறது. திருச்சியில் யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், இலவசம். கீபோர்டையும் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன், அது மட்டும் விலைக்கு.

64_கட்டம்

கீபோர்டு எந்த மாடல்? எவ்வளவு சொல்கிறீர்கள்? என் பெண் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சும்மா ஜாலிக்குத்தான்.